திரையை அணைக்க ஓர் ஆள்

2003-ல் நான் பயிற்சி டீலராகச் சேர்ந்த அலுவலகம், பாரிமுனையில் செகண்ட் லைன் பீச்சுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. கூப்பிடு தூரத்தில் மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச். 1920-ல் தொடங்கி, இடையில் படுத்து, 1937-ல் மறுபடி எழுந்த சந்தை அது. நான் போன காலத்தில் கட்டடம் இருந்தது, பெயர்ப் பலகை இருந்தது, வியாபாரம் போய்விட்டிருந்தது. 1994 நவம்பரில் மும்பையில் என்.எஸ்.இ. திரை வழியாகப் பங்கு வணிகத்தைத் தொடங்கியதிலிருந்தே, ஊருக்கு ஊர் இருந்த சந்தைகள் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டு வந்தன. சென்னைச் சந்தை முறைப்படி விலகியது 2015-ல்தான்.

எங்கள் அலுவலகத்துக்கு வாடிக்கையாளர் என்று யாரும் கிடையாது. முதலாளியின் சொந்தப் பணத்தை வைத்து நாள் முழுக்க வாங்கி விற்பதுதான் தொழில். கிடைத்த லாபத்தில் டீலருக்கு ஒரு பங்கு. இந்த மாதம் நஷ்டம் என்றால் அது அடுத்த மாதக் கணக்கில் ஏறும். அதை அடைத்த பிறகுதான் பங்கு கிடைக்கும். பயிற்சியில் இருப்பவனுக்குப் பங்கெல்லாம் இல்லை. மின்சார ரயில் சீசன் டிக்கெட்டுக்கும் மாலையில் ஒரு தட்டு அத்தோவுக்கும் போக, வீட்டில் அம்மா கையில் கொஞ்சம் கொடுக்கும் அளவுக்குச் சம்பளம்.

அறையில் வரிசையாக ஜோடி ஜோடியாகத் திரைகள். ஒன்றில் என்.எஸ்.இ., இன்னொன்றில் பி.எஸ்.இ. ஒரே பங்கு இரண்டு சந்தையிலும் ஓடும். ஆனால் ஒரே விலையில் ஓடாது. 500 ரூபாய்ப் பங்கு ஒன்று இங்கே 20 பைசா குறைவாக இருக்கும். அங்கே கூடுதலாக இருக்கும். இங்கே 1,000 பங்கு வாங்கி, அதே மூச்சில் அங்கே 1,000 விற்க வேண்டும். பிறகு விலை இரண்டும் நெருங்கி வரும்போது திருப்பிச் செய்து வெளியே வர வேண்டும். 20 பைசா முழுவதும் கிடைத்தால் 200 ரூபாய். செலவு போக மிஞ்சுவது அதில் பாதியோ கால்வாசியோ. மூன்றரை மணிக்குள் இரண்டு பக்கமும் கணக்கு நேராக வேண்டும். ஒரு சந்தையில் வாங்கியதையும் இன்னொன்றில் விற்றதையும் ஒரே கணக்கில் கழித்துக்கொள்ளும் வசதி 2019-ல்தான் வந்தது. அதற்கு முன்னால், நேராகாமல் போனால் ஒரு பக்கம் பணத்தைக் கட்டிப் பங்கை எடுக்க வேண்டும், இன்னொரு பக்கம் பங்கைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

இந்த வேலைக்குக் கை வேகம்தான் மூலதனம். வாங்க எஃப்1, விற்க எஃப்2. எண்களைப் பார்க்காமலேயே அடிக்க விரல் பழக வேண்டும். மொட்டை மாடியில் வி-சாட் குடை நின்றது. நாங்கள் தட்டிய ஆர்டர் அங்கிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு ஏறி, அதே தூரம் இறங்கி மும்பைக்குப் போகும். ஒளியின் வேகத்தில் போனாலும் கால் விநாடி ஆகும். பதில் திரும்பி வர இன்னொரு கால் விநாடி. அந்த அரை விநாடிக்குள் விலை நகர்ந்துவிடும். நகர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் அறையில் யாராவது ஒருவர் குரல் கொடுப்பார். மழை பிடித்துக்கொண்டால் சிக்னல் தடுமாறும், எல்லோர் முகமும் ஜன்னல் பக்கம் திரும்பும்.

அந்த அறைக்குத் தலைமை டீலர் ஒருவர் இருந்தார். திருநெல்வேலிக்காரர். கூவி விற்ற காலத்திலேயே சென்னைச் சந்தைத் தளத்தில் நின்றவர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிட்டோம். முதலாளியும் அப்படித்தான் கூப்பிட்டார். அவருடைய திரையில் மட்டும் எல்லா டீலர்களின் கணக்கும் ஓடும். யார் எவ்வளவு வாங்கி வைத்திருக்கிறார்கள், இந்த நிமிடத்தில் அது லாபமா நஷ்டமா என்று அவருக்குத் தெரியும். எங்களில் யாருடைய ஐடியையும் நிறுத்தும் அதிகாரமும் அவரிடம் இருந்தது.

பயிற்சி என்று வந்தால் முதலில் எஃப்1-ஐத் தொடவே விடவில்லை. மூத்த டீலர் ஒருவரின் பின்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். நோட்டில் நேரம், இரண்டு சந்தையின் விலை, வித்தியாசம் என்று எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். எந்தப் பங்கில் வித்தியாசம் எப்போது விரியும், எப்போது மூடும், பெரிய ஆர்டர் வந்து விழுவதற்கு முன்னால் திரை எப்படி இருக்கும் என்பதெல்லாம் எழுதி எழுதித்தான் கண்ணில் ஏறின. அதற்கு நடுவே என்.எஸ்.இ. நடத்திய டெரிவேட்டிவ் டீலர் தேர்வு. அதில் தேறாதவர் எஃப் அண்டு ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) திரையில் உட்கார முடியாது. இன்றைக்கும் அப்படித்தான், தேர்வை நடத்துவது மட்டும் என்.ஐ.எஸ்.எம். தரகு நிறுவனத்தில் எஃப் அண்டு ஓ ஆர்டர் போடுகிற ஊழியர் 60 சதவீத மதிப்பெண் எடுத்தாக வேண்டும்.

பிறகு எனக்கு ஒரு ஐடி தந்தார்கள். அதனோடு ஒரு வரம்பு. ஒரு நேரத்தில் இவ்வளவு பங்குக்கு மேல் கையில் இருக்கக் கூடாது. ஒரு நாளில் இவ்வளவு ரூபாய்க்கு மேல் நஷ்டம் கூடாது. நஷ்டம் அந்தக் கோட்டைத் தொட்டதும் திரை உறைந்துவிடும். அண்ணாச்சி எழுந்துகூட வர மாட்டார். தன் இடத்திலிருந்தே சொல்வார்: “எந்திரிப்பா. வெளிய போயி டீ குடிச்சிட்டு வா. நாளைக்கும் மார்க்கெட் இருக்கும்லா.”

“அண்ணாச்சி, திரும்புது பாருங்க. இன்னும் ஒரே ஒரு...”

“திரும்பட்டும். நீ நாளைக்குத் திரும்பி வா.”

அவருடன் யாரும் வாதாடி ஜெயித்ததில்லை. பல வருடம் டீலராக இருந்தவர்களுக்கும் கோடு இருந்தது. அவர்களுடைய கோடு சற்றுத் தள்ளி இருந்தது, அவ்வளவுதான். நஷ்டம் கொடுத்தவனை அவர் திட்டி நான் கேட்டதில்லை. திரை உறைந்த பிறகும் பக்கத்து ஐடியில் ஆர்டர் போடச் சொன்னவனை அன்றைக்கே அனுப்பிவிட்டார். அந்த வயதில் அந்தக் கோடு எனக்குக் கொடுமையாகத் தெரிந்தது. அவர் எங்களுக்குச் செய்ததிலேயே பெரிய உபகாரம் அதுதான் என்று இன்று உறுதியாகச் சொல்வேன்.

2004 மே மாதம் மக்களவைத் தேர்தல் முடிவு வந்தது. ஆட்சி மாறியது. 14-ஆம் தேதி வெள்ளிக்கிழமையே சந்தை பலமாக விழுந்தது. “இத்தனை விழுந்தாச்சு, திங்கட்கிழமை ஏறித்தான் ஆகணும்” என்று அறையில் பலர் பேசிக்கொண்டார்கள். ஒரு பங்குகூட யாரும் வார இறுதியைத் தாண்டி எடுத்துப் போகக் கூடாது என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். காரணம் சொல்லவில்லை. சந்தை எந்தப் பக்கம் போகும் என்று தனக்குத் தெரியும் என்றும் சொல்லவில்லை. தெரியாது என்பதால்தான் அந்த உத்தரவு. 17-ஆம் தேதி திங்கட்கிழமை சென்செக்ஸ் ஒரு கட்டத்தில் 842 புள்ளி வரை சரிந்தது. வணிகம் இரண்டு முறை நிறுத்தப்பட்டது. மாலையில் 564 புள்ளி இழப்புடன் முடிந்தது. பக்கத்துக் கட்டடங்களில் சில அலுவலகங்களின் ஷட்டர் அந்த வாரம் இறங்கியது, திரும்ப ஏறவில்லை. எங்கள் அறையில் ஒருவருக்கும் வேலை போகவில்லை.

அந்த வருட ஜூலை பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் பங்குப் பரிவர்த்தனை வரியை அறிவித்தார். முதலில் சொன்ன விகிதம் வாங்குபவருக்கு 0.15 சதவீதம். ஐந்து லட்ச ரூபாய்க்கு வாங்கினால் 750 ரூபாய் வரி. நாங்கள் அதில் எதிர்பார்ப்பதோ 200 ரூபாய். நாடு முழுக்க எங்களைப் போன்ற ஜாபர்கள் எதிர்ப்புக் காட்டினார்கள். அக்டோபர் 1-ஆம் தேதி வரி நடைமுறைக்கு வந்தபோது, அன்றன்றைக்கே முடிக்கும் வியாபாரத்துக்கு விற்பனையில் 0.015 சதவீதம் என்று குறைந்திருந்தது. அப்படியும் ஐந்து லட்சத்துக்கு 75 ரூபாய். எங்கள் வேலையில் ஒரு சுற்றுக்கு இரண்டு விற்பனை. 200 ரூபாயில் 150 போனது. அன்றிலிருந்து 20 பைசாவுக்காக யாரும் விரலை அசைக்கவில்லை. 2010-ல் என்.எஸ்.இ. தன் வளாகத்துக்குள்ளேயே தரகர்களின் கணினிகளை வைக்க இடம் கொடுத்ததும் மிச்சமிருந்த வேலையும் போனது. எங்களுக்கு அரை விநாடி எடுத்ததை அந்த இயந்திரங்கள் மைக்ரோ விநாடிகளில் செய்தன. என்னோடு உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் வங்கிக்குப் போனார்கள், சிலர் ஊருக்குத் திரும்பிக் கடை வைத்தார்கள். நான் ஒரு தரகு நிறுவனத்தின் ரிஸ்க் பிரிவில் வந்து உட்கார்ந்தேன்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் அறையில் ஒரு பெண்கூடக் கிடையாது. உள்ளே வரச் சிபாரிசு வேண்டும். ஒன்றும் இல்லாதவனுக்கு யாராவது ஒரு மாமா வேண்டும். லாபப் பங்கு எப்போது கைக்கு வரும் என்பது முதலாளியின் மனநிலையைப் பொறுத்தது. எழுத்தில் ஒன்றும் இருக்காது. வேறு சில அலுவலகங்களில் பயிற்சிக்கு வருகிற பையனிடமே டெபாசிட் வாங்கிக்கொண்டு, அவன் நஷ்டத்தை அதிலிருந்து கழித்தார்கள். இதெல்லாம் போனது நல்லதுதான்.

இன்றைய பயிற்சி டீலர் எப்படி இருப்பார் என்பதை அருகிலிருந்து பார்க்கிறேன். நண்பரின் மகள் ஒருத்தி கணிதம் படித்தாள். குருகிராமில் சொந்தப் பணத்தில் வணிகம் செய்யும் நிறுவனம் ஒன்று கல்லூரிக்கே வந்து எடுத்துக்கொண்டது. சிபாரிசு இல்லை. நிகழ்தகவுக் கணக்கு, சி++, மனக் கணக்கு, அதன்மேல் பல சுற்று நேர்முகம். பயிற்சியில் சீட்டாட்டம்கூட உண்டாம். குறைந்த தகவலை வைத்துக்கொண்டு எவ்வளவு பந்தயம் கட்டலாம், எப்போது சீட்டைக் கீழே வைக்கலாம் என்று பழக்குவதற்கு. நான் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: உன் வரம்பை யார் வைக்கிறார்கள்? அவள் உடனே சொன்னாள்: “அதுக்குத் தனி டீம் இருக்கு அங்கிள். நாங்க எழுதின புரோகிராம் எவ்வளவு ஆர்டர் போடலாம், எவ்வளவு நஷ்டம் போகலாம்னு அவங்க வச்சிருப்பாங்க. தாண்டினா தானா நின்னுடும். எங்களால அதை மாத்த முடியாது.”

எனக்கு மனம் நிறைந்துவிட்டது. அண்ணாச்சி போகவில்லை, நிரலாக மாறி அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்.

அவர் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு உலகம் பெரிய விலை கொடுத்திருக்கிறது. சிங்கப்பூரில் நிக் லீசன் என்ற இளைஞரிடம், வணிகம் செய்யும் பொறுப்பையும் அந்தக் கணக்கைச் சரிபார்த்துத் தீர்க்கும் பொறுப்பையும் பேரிங்ஸ் வங்கி ஒன்றாகக் கொடுத்தது. அவர் நஷ்டத்தை 88888 என்ற கணக்கில் ஒளித்தார், அதை மீட்க மேலும் மேலும் வாங்கினார். 1762-ல் தோன்றிய வங்கி 1995 பிப்ரவரியில் முடிந்தது. நஷ்டம் 82 கோடி பவுண்டுக்கும் மேல். இயந்திரத்துக்கும் இது பொருந்தும். 2012 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் நிறுவனத்தின் எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏற்றப்படாமல் விட்டுப்போனது. அதில் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு கண்டபடி வாங்கியும் விற்றும் தள்ளியது. தானாக நிறுத்தும் ஏற்பாடு இல்லை. முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். அந்த ஆண்டே பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் நம் செபியும், கணினி நிரல் தானாகப் போடும் அல்கோ ஆர்டர்களுக்கு முன்கூட்டியே வரம்புச் சோதனை கட்டாயம் என்று விதி வகுத்தது.

தொழிலில் இருப்பவர்களுக்கு இவ்வளவு காவல். என் அக்கா மகனுக்கு என்ன இருக்கிறது?

அவன் கோவையில் பொறியியல் படிக்கிறான். வீட்டுக்கு வந்திருந்தபோது போனை நீட்டி, தான் செய்யும் ஆப்ஷன் வணிகத்தைக் காட்டினான்.

“மாமா, சென்செக்ஸ் எக்ஸ்பைரில ரெண்டு ரூபாய்க்கு வாங்கின கால் பதினெட்டுக்குப் போச்சு.”

“போன வாரம்?”

“போன வாரம் விட்டுட்டேன். அதை எடுத்துடலாம்.”

“எவ்வளவு போனா நிறுத்துவ?”

“மார்க்கெட்டப் பாத்து முடிவு பண்ணுவேன்.”

“யாரு நிறுத்துவா?”

“நான்தான் மாமா, வேற யாரு?”

அவன் கெட்டிக்காரன். ஆப்ஷன் பற்றி அந்த வயதில் நான் அறிந்ததைவிட அதிகம் அறிந்திருக்கிறான். யூடியூபில் மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறான், மெழுகுவத்தி வடிவங்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்கிறான். ஆனால் வாங்குவதும் அவன், வரம்பு வைப்பதும் அவன், வரம்பைத் தளர்த்துவதும் அவன். லீசனிடம் இருந்த இரட்டைப் பொறுப்பு இப்போது ஒவ்வொரு விடுதி அறையிலும் ஒரு போனில் இருக்கிறது. நஷ்டத்தில் இருக்கும் மனிதன் தன்னைத் தானே நிறுத்துவது அபூர்வம். இருபது வருடம் டீலர்களைப் பார்த்து நான் சொல்வது இது. வீட்டுச் சாவியைக் குடிகாரரிடமே கொடுத்து, வேண்டும்போது பூட்டிக்கொள் என்று சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

எதிரே இருப்பவர் யார் என்றும் அவனுக்குத் தெரியவில்லை. தன்னைப் போல இன்னொரு மாணவன் என்று நினைக்கிறான். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்டு ஓ-வில் இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் அதிகம். அதே 2023-24-ல் சொந்தப் பணத்தில் வணிகம் செய்யும் நிறுவனங்கள் ஈட்டிய மொத்த லாபம் சுமார் 33,000 கோடி. அதில் மிகப் பெரும் பகுதி கணினி நிரல்கள் ஈட்டியது. முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களின் பங்கு ஒரே வருடத்தில் 31 சதவீதத்திலிருந்து 43 ஆகியிருக்கிறது. இந்த வணிகர்களில் முக்கால்வாசிப் பேர் ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்துக்குக் கீழே என்று சொன்னவர்கள். இரண்டு வருடம் தொடர்ந்து நஷ்டப்பட்ட பிறகும் நிறுத்தாதவர்கள் 75 சதவீதத்துக்கும் மேல். எனக்கு இந்தக் கடைசி எண்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. அண்ணாச்சி இருந்திருந்தால் அந்த எண்ணே இருந்திருக்காது.

செபி சும்மா இருக்கவில்லை. 2024 நவம்பர் முதல் ஒரு சந்தைக்கு ஒரே ஒரு வாராந்திர எக்ஸ்பைரி (ஒப்பந்தம் முடியும் நாள்) என்று குறைத்தது, ஒப்பந்த அளவைக் குறைந்தது 15 லட்ச ரூபாயாக உயர்த்தியது. அதற்கு முன் வாரத்தின் ஐந்து நாளும் ஏதோ ஒரு குறியீட்டுக்கு எக்ஸ்பைரி இருந்தது. நாங்கள் தொடங்கிய காலத்தில் மாதத்தின் கடைசி வியாழக்கிழமை ஒன்றுதான். இவ்வளவு செய்தும் 2024-25-ல் தனிநபர்களின் நிகர நஷ்டம் 1,05,603 கோடி. நஷ்டப்பட்டவர்கள் 91 சதவீதம். வண்டியின் வேகத்தைக் குறைத்தார்கள், நிறுத்தும் கையை இன்னும் வைக்கவில்லை.

இப்போது சில செயலிகளில் ‘கில் ஸ்விட்ச்’ என்று ஒரு வசதி இருக்கிறது. அதை அழுத்தினால் அந்தப் பிரிவில் சில மணி நேரம் ஆர்டர் போட முடியாது. நல்ல வசதி. ஆனால் அதை வாடிக்கையாளரே தேடிப்போய் அழுத்த வேண்டும். எந்த நேரத்தில் அது மிகவும் தேவையோ, அந்த நேரத்தில் விரல் அங்கே போகாது. ஊழியருக்குத் தேர்வு, வரம்பு, திரை முடக்கம் எல்லாம் கட்டாயம் என்றால், சொந்தச் சேமிப்பைக் கொண்டுவரும் இருபது வயதுப் பையனுக்கு அவை ஏன் விருப்பம்போல் இருக்க வேண்டும்? எஃப் அண்டு ஓ கணக்கு திறக்கும்போதே ஒரு நாள் நஷ்ட வரம்பு தானாக அமைய வேண்டும். அதை உயர்த்தக் கேட்டால் ஒரு வாரமாவது பொறுத்துத்தான் உயர வேண்டும். இதை எங்கள் பிரிவில் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறேன். செபிக்கும் எழுதியிருக்கிறேன்.

அது வரும் வரை பெற்றோருக்கும் அண்ணன் அக்காமாருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பையனோ பெண்ணோ ஆப்ஷன் வாங்குகிறார்கள் என்று தெரிந்தால் திட்டாதீர்கள். திட்டினால் மறைப்பார்கள், அவ்வளவுதான். கணக்கை மூடச் சொல்வதற்கு முன்னால் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு போனால் நிறுத்த வேண்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து ஓர் எண்ணைக் காகிதத்தில் எழுதுங்கள். வணிகக் கணக்கில் அதற்கு மேல் பணம் வைக்க விடாதீர்கள்; மீதியை இன்னொருவர் கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாத கூட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். என் அக்காவும் அவள் மகனும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். நீங்களும் இந்த வாரமே செய்யுங்கள்.